கூட்டம் கூட்டச் சொல்லுங்கள்

"மனு எழுதி என்ன ஆகப்போகுது? நம்ம வைபிய ஒரு நடை போய்ப் பார்த்தா வேலை முடிஞ்சிடும்." பினாங்கின் தண்ணீர்மலைப் பக்கம் கால்வாய் அடைத்துக்கொண்டாலும், பக்கத்து லாட்டில் அடுக்குமாடி எழும்பப்போகிறது என்று பேச்சு கிளம்பினாலும், தைப்பூசப் பந்தலுக்கு இடம் ஒதுக்குவதில் தகராறு வந்தாலும் முதலில் காதில் விழுவது இதுதான். வைபி என்றால் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். படித்தவர்கள் இதையே கொஞ்சம் சட்டம் கலந்து சொல்கிறார்கள். ஊராட்சி மன்றத் தேர்தல் 1965லேயே போய்விட்டது, மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் நியமனம், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பாதவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பதால் என்ன பயன் என்று கேட்கிறார்கள்.

இரண்டு பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. எழுத வேண்டாம், கூட்டம் கேட்க வேண்டாம், தெரிந்தவர் மூலம் பார்த்துக்கொள்ளலாம் என்பதே அந்த இடம். இந்த எண்ணத்தை நான் முழுதாக மறுக்கிறேன். பினாங்குத் தமிழர்களுக்கு இதைவிடக் கெடுதல் செய்த எண்ணம் வேறு இருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

இழந்தது என்ன என்பதில் மயக்கம் வேண்டாம். 1951 டிசம்பர் 1ஆம் தேதி ஜார்ஜ் டவுனில் நடந்த நகராட்சித் தேர்தல்தான் போருக்குப் பிந்திய மலாயாவின் முதல் தேர்தல். 1957 ஜனவரி 1ஆம் தேதி ஊர் மாநகரானது. அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியின் டி.எஸ். ராமநாதன், பழைய ஸ்காட் ரோடு இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. எட்டே ஆண்டில், 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வாக்குக் கொடுத்தார். செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையமும் 1968ல் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. யாரும் கேட்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், தேர்தல் பற்றிய விதிகளை எல்லாம் செயலற்றவை ஆக்கிவிட்டது. பினாங்கு மாநிலம் 2012ல் தனக்கென ஒரு தேர்தல் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014 ஆகஸ்ட் 14ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது.

இது பெரிய இழப்பு. அதை மீட்கப் போராடுகிறவர்களோடுதான் நானும் நிற்கிறேன். ஆனால் ஓட்டு போனதோடு எல்லாமே போயிற்று என்று முடிவு கட்டுவதற்கு முன் யாரும் சட்டத்தைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தேர்தலை எடுத்துக்கொண்ட அதே 1976 சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றத்தின் கூட்டங்கள் அனைத்தும் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை என்கிறது. நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. யாருடைய தயவும் வேண்டியதில்லை. வழக்கமான கூட்டங்களோடு சிறப்புக் கூட்டத்துக்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தண்ணீர்மலைத் தெருக்களில் எத்தனை பேர் ஒரு மன்றக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார்கள்? தைப்பூசத்துக்கு மலைக்கோயிலின் ஐந்நூறு சொச்சம் படிகளையும் ஏறுகிற கால்கள், படாங் கோத்தாவில் உள்ள நகர மண்டபத்தின் சில படிகளை ஏறியதில்லை.

அதே 23ஆம் பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. குழுக் கூட்டங்கள் திறந்தவை அல்ல, அந்தக் குழுவே தீர்மானம் போட்டுத் திறந்துவிட்டால் ஒழிய. இங்கேதான் விஷயமே இருக்கிறது. கட்டட அனுமதிகள், திட்ட அனுமதிகள் எல்லாம் முதலில் போய்ச் சேருவது ஓஎஸ்சி (ஒரே முகப்பு அனுமதி மையம்) போன்ற குழுக்களின் மேசைக்கு. அங்கே நாம் இல்லை, பத்திரிகை இல்லை. ஒரு விவகாரம் மூடிய அறையிலிருந்து திறந்த மன்றத்துக்கு வர வேண்டுமானால், யாராவது எழுத்தில் அதைக் கேட்டாக வேண்டும். ஆகவே நல்ல மனுவின் முதல் கோரிக்கை "எங்கள் கால்வாயைச் சரிசெய்யுங்கள்" என்று இருக்கக் கூடாது. "எங்கள் கால்வாய் விவகாரத்தை அடுத்த முழு மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள், அதற்குள் சேர்க்க முடியாத அவசரம் என்றால் சிறப்புக் கூட்டம் கூட்டுங்கள், எடுத்த முடிவைக் குறிப்பில் பதிந்து எங்களுக்கு எழுத்தில் தாருங்கள்" என்று இருக்க வேண்டும். நம் ஊரில் எழுதப்படும் மனுக்களில் இந்த மூன்று வரிகளும் இருப்பதில்லை. மனு பலிக்கவில்லை என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இனி வைபி விஷயம். பாடுபட்டு உழைக்கிற சட்டமன்ற உறுப்பினர்கள் பினாங்கில் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்கும் வாட்ஸ்அப்பில் பதில் போடுகிறார்கள். ஆனால் அவர் போனைப் போட்டு, அதிகாரி ஆள் அனுப்பி, கால்வாயில் அடைத்த குப்பை மறுநாள் காலையில் போய்விட்டால் அதோடு என்ன மிஞ்சுகிறது? கோப்பில் ஒரு வரி கிடையாது. அடுத்த மழைக்கு அதே கால்வாய் அடைத்தால் போன வருஷமும் அடைத்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. கால்வாயின் அகலமே போதவில்லை, மேலே புதிதாக எழுந்த கட்டடங்களின் தண்ணீரும் இதில்தான் இறங்குகிறது என்ற உண்மை எந்த வரவு செலவுத் திட்டத்துக்கும் போய்ச் சேராது. வைபி மாறினால், கட்சி மாறினால், அவருடைய உதவியாளர் வேலையை விட்டுப் போனால் நாம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். வரி கட்டுகிறவனுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டியதை ஓர் உபகாரமாக வாங்கிக்கொண்டு, அதற்கு மாலை வேறு போடுகிறோம்.

இன்னொன்றை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மன்ற அலுவலகங்களில் நியாயமாக வேலை செய்ய நினைக்கும் அதிகாரிகள் நிறையப் பேர் உண்டு. ஒரு திட்டத்துக்கு மேலிடத்தில் அவசரம் இருக்கும்போது அந்த அதிகாரிக்குக் கைகொடுப்பது எது? "குடியிருப்பாளர்கள் ஆட்சேபித்திருக்கிறார்கள், கடிதம் கோப்பில் இருக்கிறது" என்று அவர் சொல்ல முடிய வேண்டும். கடிதம் இல்லாத கோப்பில் அவர் எதைக் காட்டுவார்? வாய்ப்பேச்சு அவரையும் சேர்த்துத்தான் கைவிடுகிறது.

கடிதம் வெறும் காகிதம் என்று சொல்கிறவர்களுக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. வீட்டு வரிக்கான மதிப்பீட்டுப் பட்டியல் புதிதாக வரும்போது, மறுஆய்வுக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். முடிவு திருப்தி தராவிட்டால் உயர்நீதிமன்றம் போகலாம். ஆனால் யார் போகலாம்? ஆட்சேபம் கொடுத்தவர் மட்டும். நகர, கிராமத் திட்டமிடல் சட்டமும் அப்படியே. உள்ளூர்த் திட்டம் நடப்பில் இல்லாத பகுதியில் ஒரு மேம்பாட்டுக்கு விண்ணப்பம் வந்தால், அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். மன்றத்தின் முடிவு ஏற்கத்தக்கதாக இல்லை என்றால் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். இங்கேயும் அந்தக் கதவு எழுத்தில் ஆட்சேபித்தவருக்குத்தான் திறக்கும். வைபியிடம் சொன்னேன், கோயில் தலைவரிடம் சொன்னேன், கவுன்சிலர் தலையாட்டினார் என்பதெல்லாம் வாரியத்தின் முன் செல்லாது.

அந்த 21 நாள் நம் வீடுகளில் எப்படிக் கழிகிறது தெரியுமா? பதிவுத் தபாலில் ஒரு தடித்த உறை வருகிறது. உள்ளே மலாயில் ஒரு பக்கக் கடிதம், லாட் எண், முக்கிம் பெயர், விண்ணப்பதாரரின் பெயர், எங்கே போய் வரைபடத்தைப் பார்க்கலாம் என்ற குறிப்பு. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, சாமி படத்துக்குக் கீழே இருக்கும் மேசை இழுப்பறையில் மின்சார பில்லோடு சேர்த்து வைக்கிறார். மகன் கோலாலம்பூரிலிருந்து இரண்டு வாரம் கழித்து வருகிறான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை பேருந்து. உறை பிரிக்கப்படும்போது எதிர்மனையில் தகரவேலி போட்டாயிற்று. பிறகுதான் கூச்சல், பிறகுதான் வைபி, பிறகுதான் பத்திரிகையில் படம். 21 நாளுக்குள் ஒரு பக்கம் எழுதியிருந்தால் கிடைத்திருக்கும் மேல்முறையீட்டு உரிமையை, பிறகு இரண்டாயிரம் கையெழுத்து சேர்த்தாலும் வாங்க முடியாது.

இந்த ஏற்பாட்டில் அநியாயமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அறிவிப்பு போவது நிலத்தின் உரிமையாளருக்கு. ஒட்டிய லாட், அல்லது 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ கால்வாயோ நடுவில் இருக்கும் லாட், முட்டுச்சந்து என்றால் 200 மீட்டருக்குள் இருப்பது என்று சட்டம் வரையறுக்கிறது. வாடகைக்கு இருப்பவருக்கு அறிவிப்பு வராது. நம்மவர்களில் வாடகை வீட்டுக்காரர்கள் எத்தனை பேர் என்பது எல்லாருக்கும் தெரியும். உள்ளூர்த் திட்டம் அரசிதழில் ஏறிவிட்டால் இந்த அறிவிப்பு உரிமையும் அந்தப் பகுதிக்கு இல்லாமல் போகிறது. ஆகவே வரைவுத் திட்டம் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் எழுதுகிற ஆட்சேபம் இன்னும் கனமானது. பினாங்குத் தீவுக்கான 2030 வரைவு 2022ல் காட்சிக்கு வந்தது. கோயில் சங்கங்களும் தாமான் சங்கங்களும் அந்த நாட்களில் எத்தனை ஆட்சேபம் எழுதின என்று தங்கள் கோப்புகளைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும்.

மகஜர் கலாசாரத்தையும் நான் எதிர்க்கிறேன். பதாகை பிடித்து, பத்திரிகையாளரை வரவழைத்து, ஒரு பெரிய உறையைப் பிரமுகர் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது மனு கொடுத்தல் ஆகாது. உறை யாருக்கு முகவரியிடப்பட்டது? முகப்பில் பெற்றுக்கொண்ட முத்திரை விழுந்ததா? கோப்பு எண் வாங்கினார்களா? மறுமாதம் அந்த எண்ணைச் சொல்லி யாராவது விசாரித்தார்களா? பெரும்பாலும் படம் வந்ததோடு சரி. மன்றம் செய்ய வேண்டியதை மாநில ஆட்சிக்குழு உறுப்பினரிடமும், மாநிலம் செய்ய வேண்டியதை மத்திய அமைச்சரிடமும் கொடுத்துவிட்டு, பதில் வரவில்லை என்று நொந்துகொள்கிறோம்.

சரி, எழுதியவர்கள் எதையாவது சாதித்தார்களா? கொடிமலையை ஏறிட்டுப் பாருங்கள். 1990ல் மாநில அரசு ஒரு தனியார் நிறுவனத்தோடு உடன்பாடு செய்து அந்த மலை உச்சியைப் பெரிய கேளிக்கைத் தலமாக மாற்ற முனைந்தது. கொடிமலை நண்பர்கள் என்ற பெயரில் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் மற்ற அமைப்புகளும் ஒன்றுசேர்ந்து கையெழுத்துத் திரட்டின. கையெழுத்தோடு நிற்கவில்லை. மலைக்கு என்ன செய்யலாம் என்று மாற்றுத் திட்டம் ஒன்றையே எழுதி முன்வைத்தன. சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை நிராகரிக்கப்பட்டது, திட்டம் கைவிடப்பட்டது. அதே காலத்தில் வைபியை மட்டும் போய்ப் பார்த்திருந்தால் இன்று தண்ணீர்மலையிலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது தெரிகிற பசுமை தெரிந்திருக்காது.

தீவின் தென்கரையில் கடலைத் தூர்த்துத் தீவுகள் அமைக்கும் திட்டத்துக்கு 2019ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. ஒரு மீனவர் தலைவர் முறைப்படி எழுத்தில் மேல்முறையீடு செய்தார். 2021 செப்டம்பர் 8ஆம் தேதி மேல்முறையீட்டு வாரியம் அந்த அனுமதியை ரத்து செய்தது. அதன்பின் புதிய அறிக்கை வைத்து மறுபடி அனுமதி பெற்றார்கள், வேலையும் தொடங்கியது. மூன்று தீவு என்றது ஒரு தீவாகச் சுருங்கியது. மீனவர்கள் முழுதாக வென்றார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மாநிலத்தின் மிகப் பெரிய திட்டத்தை, வலை இழுக்கிற ஒருவரின் கடிதம் அன்றைக்கு நிறுத்தியது. இதைப் பார்த்த பிறகும் "எழுதி என்ன ஆகப்போகுது" என்று கேட்பது எப்படி?

தோற்ற மனுவுக்கும் மதிப்பு உண்டு. 1852ல் சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று நடத்திய சென்னை சுதேசி சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு நீண்ட மனு அனுப்பியது. கேட்டதில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. ஆனால் வரி வசூலில் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது விவாதமாகி, 1854ல் விசாரணை ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று. மறுவருஷம் வந்த அதன் அறிக்கை, அதுவரை மறுக்கப்பட்டதை உண்மை என்று ஒப்புக்கொண்டது. நம் ஊரிலும் 2016ல் பினாங்கு மலைக் கண்காணிப்பு இயக்கம் தொடங்கி, மலைச்சரிவு வெட்டப்படும் இடங்களைப் படத்தோடு பதிவுசெய்து அரசிடம் கொடுத்துவந்தது. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் சரிவு இடிந்து 11 தொழிலாளர்கள் மாண்டபோது, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாத நிலைமையை அந்தப் பதிவுகள்தான் உண்டாக்கின.

"நாம் சிறுபான்மை, நம் கையெழுத்துக்கு யார் மதிப்புத் தருவார்கள்" என்ற பேச்சும் உண்டு. இதைச் சொல்கிறவர்களின் மனவலி எனக்குப் புரியாமல் இல்லை. தமிழர் குடியிருப்பான கம்போங் புவா பாலா 2009ல் இடிக்கப்பட்டதைப் பார்த்த சமூகம் இது. ஆனால் அங்கேயும் கவனியுங்கள்: ஊர் திரண்டு நின்றபோது நிலம் ஏற்கெனவே கைமாறி, காகிதங்கள் எல்லாம் முடிந்திருந்தன. ஆள்பலம் குறைவான சமூகத்துக்குத்தான் தேதியும் முத்திரையும் போட்ட கடிதம் அதிகம் தேவை. கூட்டம் கூட்டி மிரட்ட நம்மால் முடியாது. குறித்த நாளுக்குள், சரியான அலுவலகத்தில், சரியான பிரிவைக் காட்டி எழுத முடியும். சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரத்தில் ராமநாதன் முதல் மேயரானார் என்றால், இந்த ஊரின் மன்ற வாழ்க்கையில் நமக்கும் பழைய பங்கு இருக்கிறது. 2023ல் அ. ராஜேந்திரன் மேயரானார். மேயர் நம்மவர், ஆகவே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அதே பழைய நோய்தான். எவர் மேயராக இருந்தாலும் கடிதம் கடிதமாகவே போக வேண்டும்.

சிறப்புக் கூட்டம் கேட்பது வம்புக்கு இழுப்பது என்றும் ஒரு பயம். இங்கிலாந்தின் சிற்றூர்களில் ஆறு வாக்காளர்கள் சேர்ந்தால் ஊர்க்கூட்டம் கூட்டிவிடலாம், சட்டமே அப்படி. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் குறித்த நாட்களில் கிராமசபை கூடியாக வேண்டும். 2022லிருந்து நகரங்களிலும் பகுதி சபைகள் தொடங்கியிருக்கின்றன. அங்கெல்லாம் கூட்டம் என்பது சாதாரண விஷயம். நம் சட்டம் குடிமக்களுக்கு நேரடியாக அந்த அதிகாரத்தைத் தரவில்லை, அது குறைதான். ஆனால் நம் மாநகர் மன்றத்தில் 24 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களை நியமிப்பதற்குச் சட்டம் சொல்லும் தகுதிகளில் ஒன்று, தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதித்துவப்படுத்தும் திறமை. 24 பேருக்கும் தனித்தனியே பெயரிட்டு எழுதுங்கள்: இந்த விவகாரத்துக்காகச் சிறப்புக் கூட்டம் கூட்டும்படி மேயரைக் கேட்பீர்களா, மாட்டீர்களா? பதினான்கு நாளில் பதில் வேண்டும் என்று குறிப்பிடுங்கள். பதில் போட்டவர் யார், போடாதவர் யார் என்ற பட்டியலைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நியமனம் புதுப்பிக்கப்படும் நேரத்தில் அந்தப் பட்டியலைக் கட்சிகளுக்கும் அனுப்புங்கள். ஓட்டு இல்லாத மன்றத்தில் இதுதான் நமக்கு மிச்சமிருக்கும் பிடி.

எதற்காகக் கேட்பது என்று தேடி அலைய வேண்டியதில்லை. கொடிமலைக்குப் போகும் புதிய கம்பிவட வண்டியின் கீழ்நிலையம் தாவரவியல் பூங்கா அருகே அமைகிறது. அங்கே போவதற்கு ஜாலான் கெபுன் பூங்காதான் வழி. வெள்ளி ரதமும் தங்க ரதமும் வந்து சேருவதும், இருபுறமும் பந்தல்கள் நிற்பதும், காவடிகள் நெரிந்து நகருவதும் அதே சாலையில்தான். சுற்றுலாப் பேருந்துகள் எங்கே நிற்கும், தைப்பூச மூன்று நாளும் வண்டி ஓடுமா, ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும், மழை பெய்தால் அருவி ஆற்றுக்கு இறங்கும் தண்ணீரைச் சாலையோரக் கால்வாய் தாங்குமா என்பதற்கெல்லாம் தண்ணீர்மலைக்காரர்களுக்கு எழுத்தில் பதில் வேண்டும். பந்தல் அனுமதிக்கான நிபந்தனைகளைத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பேசி மனஸ்தாபப்படுவதை விட்டு, ஆறு மாதம் முன்னதாகவே இந்தக் கேள்விகளோடு சேர்த்துத் திறந்த கூட்டத்தில் வைக்கச் சொல்லலாம். கோயில் நிர்வாகங்கள், பந்தல் குழுக்கள், அடுக்குமாடிச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதட்டும். மலாயில் எழுதி, தமிழில் ஒரு படி இணைத்து, வாடகைக்குக் குடியிருப்பவர்களின் கையெழுத்தையும் முகவரியோடு வாங்கி, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு முகப்புக்குப் போக வேண்டும். ஒன்று அவர்களுக்கு, மற்றொன்றில் முத்திரை வாங்கி நம் கோப்புக்கு.